உண்டியலில் விழுந்த டொலர்: இலங்கையின் 2021–22 பணவனுப்பல் சரிவு

வவுனியாப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா இருக்கிறார். தம்பிக்குக் கட்டாரில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் களஞ்சியத்தில் வேலை. மாதம் 1,500 ரியால் அனுப்புவான். அக்காவின் வங்கிப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்கக் கிடைத்தது. 2021 நவம்பர் வரை மாதத்துக்கு ஒரு வரி, எல்லாம் ஒரே மாதிரி: வெளிநாட்டிலிருந்து வந்த பணம் என்பதற்கான குறியீடு, பக்கத்தில் ரூபாத் தொகை. டிசம்பரிலிருந்து அந்த வரியைக் காணோம். அதற்குப் பதிலாகக் கொழும்பில் ஏதோ ஒரு கிளையின் வைப்பு இயந்திரத்தில் யாரோ போட்ட காசு வந்திருக்கிறது. சில மாதங்களில் ஒரே நாளில் இரண்டு மூன்று துண்டாக. கூட்டிப் பார்த்தால் முன்பு வந்ததைவிடக் கூட.

அக்காவைக் கேட்டால் தம்பி ஒரு மாதமும் தவறவில்லை என்பார். மத்திய வங்கியின் கணக்கிலோ அவன் அனுப்புவதையே நிறுத்திவிட்டான். இரண்டும் உண்மை. அது எப்படி என்பதுதான் இந்த ஆய்வு.

வெளிநாட்டுக் காசு நாட்டை வளர்க்கிறது என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். அது வீட்டை வளர்க்கிறது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த காசு நாட்டுக்கும் வந்தாக வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. இலங்கை இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டது.

முன்பு இருந்த நிலை

2016 இலிருந்து தொழிலாளர் பணவனுப்பல்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 7 பில்லியன் டொலர். 2019 இல் 6.7 பில்லியனாகச் சற்று இறங்கின. 2020 இல் கொரோனா வந்தபோது, வளர்முக நாடுகளுக்குப் போகும் பணம் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று உலக வங்கி அந்த ஏப்ரலில் கணித்தது. இலங்கையில் நடந்தது நேர்மாறு: 7.1 பில்லியனாக ஏறியது. விமானங்கள் நின்றுபோனதால் கையில் கொண்டுவரும் காசும் நின்றது, எல்லாம் வங்கிக்குத் திரும்பியது என்பது ஒரு விளக்கம். எனக்கு அது நம்பக்கூடியதாகவே படுகிறது. ஏனென்றால் அதற்கு முன்பும் வங்கிக்கு வெளியே ஒரு பெரிய ஓட்டம் இருந்திருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கிறது.

அந்த ஆண்டு நாட்டின் வர்த்தகப் பற்றாக்குறை 6 பில்லியன் டொலர். ஏப்ரலிலிருந்து உல்லாசப் பயணிகள் அநேகமாக இல்லை, வெளிநாட்டுச் சந்தையில் கடன் எடுக்க வழியில்லை. பற்றாக்குறையை முழுதாக மூடி மிச்சமும் வைத்தது குவைத்திலும் சவூதியிலும் கட்டாரிலும் உழைத்தவர்களின் காசு.

இந்தக் காசை அனுப்புவோரில் இரண்டு வகை உண்டு. இதைப் பிரித்துப் பார்க்காமல் பேசுவதால் பல குழப்பங்கள் வருகின்றன. வளைகுடாவுக்குப் போனவர் அங்கே குடியேற முடியாது. குடும்பம் இங்கே, சேமிப்பும் இங்கே, மாதாமாதம் பணம் வரும். ரொறன்ரோவிலோ லண்டனிலோ பாரிசிலோ இருப்பவருக்கு வீட்டுக் கடன் அங்கே, பிள்ளைகளும் அங்கே. அவர் அனுப்புவது அம்மாவின் வைத்தியச் செலவுக்கு, மருமகளின் கலியாணத்துக்கு, ஊர்க் கோயில் தேருக்கு. முதலாமவர் விலை பார்த்து அனுப்புவார். இரண்டாமவர் தேவை பார்த்து அனுப்புவார்.

201 ரூபா

2019 முடிவில் 7.6 பில்லியன் டொலராக இருந்த நாட்டின் கையிருப்பு 2021 முடிவில் 3.1 பில்லியன். அதிலும் பாதியளவு சீனாவுடனான நாணயப் பரிமாற்ற வசதி, எடுத்துச் செலவழிக்க முடியாதது. இந்த நிலையில், 2021 செப்டெம்பரில் அஜித் நிவாட் கப்ரால் மத்திய வங்கியின் ஆளுநராக வந்த பிறகு, டொலரின் விலை 200க்கும் 203க்கும் இடையில் பிடித்து நிறுத்தப்பட்டது. வங்கிக்கு வெளியே அந்த விலைக்கு டொலர் விற்க யாரும் இல்லை. ஆண்டு முடியும்போது வெளிச்சந்தையில் 240ஐத் தாண்டியிருந்தது.

தம்பியின் 1,500 ரியாலைக் கணக்குப் போடுவோம். ரியால் டொலரோடு கட்டப்பட்டது: 3.64க்கு ஒன்று. ஆக 412 டொலர். 201 வீதத்தில் சுமார் 82,800 ரூபா. மத்திய வங்கி ஏற்கெனவே கொடுத்துவந்த டொலருக்கு 2 ரூபா ஊக்குவிப்பை டிசம்பரில் 10 ரூபாவாக்கியது. அதையும் சேர்த்தால் 86,900. வெளியே 245 என்று வைத்துக்கொண்டால் 1,00,900.

அந்தத் தொலைபேசி உரையாடலை அக்கா சொன்னபடியே தருகிறேன்.

"அக்கா, இந்த மாசம் பாங்கால போடேல்ல. வேற ஆக்கள் உங்கட கணக்கில போடுவினம்."

"ஏனடா, அங்க ஏதும் பிரச்சினையோ?"

"ஒண்டுமில்லை. பாங்கால விட்டா எம்பத்தேழும் வராது. இவை நூறு தாறாங்கள். பதினாலாயிரத்தை விட்டுட்டு இருக்கச் சொல்லுறியளோ?"

பதினாலாயிரம் ரூபா என்றால் அன்றைய விலையில் ஐந்து எரிவாயு சிலிண்டர். 12.5 கிலோ சிலிண்டர் 2,675 ரூபாவுக்கு விற்ற காலம் அது. விற்றது என்பது பேச்சுக்குத்தான், கடையில் கிடைக்கவில்லை. கப்பலுக்குக் கட்ட டொலர் இல்லாததால் கிடைக்கவில்லை. அந்த இல்லாத டொலரில் தம்பியின் 412உம் அடக்கம். இந்த வட்டத்தைத் தம்பிக்கு விளக்கியிருந்தாலும் அவன் வேறு முடிவு எடுத்திருப்பான் என்று நான் நினைக்கவில்லை. நானாக இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்.

காசு எங்கே போனது

உண்டியல் என்ற சொல் நம் பக்கத்தில் கோயில் உண்டியலுக்கு அடுத்தபடியாக, வங்கிக்கு வெளியே ஆள்வழி காசு அனுப்பும் இந்த முறைக்குத்தான். புதிய ஏற்பாடும் அல்ல. போர்க்காலத்தில் வங்கிக் கிளை எட்டாத இடங்களுக்குக் கனடாக் காசும் சுவிஸ் காசும் போய்ச் சேர்ந்தது இதனால்தான். 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின்படி அனுமதி பெற்றவர் மட்டுமே இந்தத் தொழிலைச் செய்யலாம். உண்டியல்காரர் அனுமதி பெற்றவர் அல்ல.

இதில் பணம் எல்லை தாண்டுவதே இல்லை. தோஹாவில் தம்பி ரியாலை ஒருவரிடம் கொடுக்கிறான். கொழும்பில் ஒரு வியாபாரிக்கு டுபாயிலிருந்து வாகன உதிரிப்பாகம் எடுக்க வேண்டும். வங்கியில் டொலர் கேட்டால் இல்லை என்கிறார்கள். அவர் உண்டியல்காரரின் கொழும்புக் கூட்டாளியிடம் ரூபாவைக் கொடுக்கிறார். அந்த ரூபாவிலிருந்து ஓர் இலட்சம் அக்காவின் கணக்கில் விழுகிறது. தோஹாவில் சேர்ந்த ரியால் சுற்றிச் சுழன்று டுபாய் விற்பனையாளரிடம் போகிறது. உதிரிப்பாகம் கொழும்புத் துறைமுகத்துக்கு வருகிறது. எல்லாருக்கும் கேட்டது கிடைத்துவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தம்பியின் டொலர் வீணாகவில்லை. அதற்கும் பொருள் வந்தது. ஆனால் என்ன பொருள் வருவது என்று தீர்மானித்தவர் மாறிவிட்டார். பெற்றோலும் எரிவாயுவும் மருந்தும் பெரும்பாலும் வங்கியில் எல்.சி., அதாவது விற்பவருக்குக் காசு கிடைக்கும் என்று வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம், திறந்துதான் வர வேண்டும். உதிரிப்பாகமும் சொக்கலேற்றும் அழகுசாதனமும் திறந்த கணக்கு முறையில், எல்.சி. இல்லாமல், விற்பவருக்கும் வாங்குபவருக்கும் உள்ள நம்பிக்கையில் வந்துவிடும். 2022 தொடக்கத்தில் கடைகளில் இறக்குமதிச் சொக்கலேற் அடுக்கியிருக்க, வெளியே மண்ணெண்ணெய்க்கு வரிசை நின்றது. பலருக்கு அது புதிராக இருந்தது. புதிருக்கு விடை இந்த உண்டியல் டொலர்தான்.

வேறு வாடிக்கையாளரும் இருந்தார்கள். சுங்கத்தில் பெறுமதியைக் குறைத்துக் காட்டிவிட்டு மிச்சத்தை மறைவாகக் கட்டுவோர், தங்கம் கடத்துவோர், காணியை விற்று ரூபாவை வெளியே கொண்டுபோகத் துடித்தவர்கள். 245 கொடுக்க ஆட்கள் இருந்ததால்தான் 245 ஆனது. உண்டியல்காரர் விலையை உண்டாக்கவில்லை, இருந்த விலையைத் தம்பியிடம் கொண்டுவந்து சேர்த்தார், அவ்வளவுதான். இதைப் பார்க்காமல் சந்தேகத்துக்குரிய வங்கிக் கணக்குகளை முடக்குவோம் என்று எச்சரித்தார்கள். பயந்தவர்கள் உண்டியலை விடவில்லை, வங்கியைத்தான் விட்டார்கள். ஊரில் சிலருக்குக் காசு மோட்டார் சைக்கிளில் வீட்டு வாசலுக்கே வரத் தொடங்கியது.

சரிவின் அளவு

2020 டிசம்பரில் வங்கிவழி வந்தது 813 மில்லியன் டொலர். 2021 டிசம்பரில் 325 மில்லியன். 10 ரூபா ஊக்குவிப்பு நடப்பிலிருந்த மாதம் அது. 2022 பெப்ரவரியில் 205 மில்லியன். ஆண்டுக் கணக்கில் 2020இல் 7.1 பில்லியன், 2021இல் 5.5 பில்லியன், 2022இல் 3.8 பில்லியன்.

வெளிநாட்டு வேலை குறைந்ததால் வந்த சரிவு இது என்று ஒரு வாதம் அப்போது வைக்கப்பட்டது. கொரோனாவில் வேலை இழந்து திரும்பியவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 2022இல் மட்டும் 3 இலட்சத்து 11 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டார்கள். அதுவரை காணாத எண்ணிக்கை. போனவர் தொகை உச்சத்தில், வந்த காசு அடிமட்டத்தில். புதிதாகப் போனவர் முதல் சில மாதங்கள் முகவரின் கடனைத்தான் கட்டுவார் என்பதைக் கழித்துப் பார்த்தாலும் இந்த இடைவெளி அடங்காது.

2020க்கும் 2022க்கும் இடையிலான வித்தியாசம் 3.3 பில்லியன் டொலர். 2023 மார்ச் 20 அன்று சர்வதேச நாணய நிதியம் இலங்கைக்கு அங்கீகரித்த கடன் ஏறத்தாழ 3 பில்லியன், அதுவும் நான்கு ஆண்டுகளில் தவணை தவணையாக. வரி உயர்வு, மின்கட்டண உயர்வு என்று அத்தனை நிபந்தனைகளோடு வந்த அந்தத் தொகையைவிட, ஒரே ஆண்டில் வழிமாறிப் போனது அதிகம். வழிமாறாமல் இருந்திருந்தால் நெருக்கடியே வந்திராது என்று நான் சொல்லவில்லை. வரிக் குறைப்பு, கடன் சுமை, இரசாயன உரத் தடை எல்லாம் சேர்ந்த வீழ்ச்சி அது. 2022 ஜனவரியில் 500 மில்லியன் டொலர் பிணைமுறியைக் கட்டி முடித்தார்கள். மே மாதத் தொடக்கத்தில் நிதியமைச்சர் அலி சப்ரி பாராளுமன்றத்தில், பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 50 மில்லியனுக்கும் குறைவு என்றார். அந்தக் கையறுநிலையில் மாதம் 400 மில்லியன் கூடுதலாக வந்திருந்தால் எத்தனை எரிபொருள் கப்பல்கள் துறைமுகத்துக்கு வெளியே காத்துக்கிடக்க நேர்ந்திருக்கும் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

மார்ச் கடைசியில் 13 மணிநேர மின்வெட்டு. மேல் மாகாணப் பாடசாலைகளில் தாள் இல்லாமல் தவணைப் பரீட்சை தள்ளிப்போனது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அக்காவுக்குத் தம்பியின் உண்டியல் காசு அந்த மாதங்களைத் தாண்டக் கைகொடுத்தது. வெளிநாட்டில் யாரும் இல்லாத பக்கத்து வீட்டுக்கு என்ன கைகொடுத்தது என்று பிறகு வருகிறேன்.

மிதக்கவிட்ட பிறகும் வரவில்லை

2022 மார்ச் 7 அன்று டொலரின் விலையை 230 வரை போகவிடுவதாக மத்திய வங்கி அறிவித்தது. அணை உடைந்ததுபோல மாத முடிவில் 300ஐ எட்டி, மே நடுவில் 360 ஆனது. பாடநூலின்படி வங்கிவழி வரவு உடனே எகிறியிருக்க வேண்டும். மார்ச்சில் 318 மில்லியனாக ஏறினாலும், ஏப்ரலில் 249 மில்லியன். கீழே போனது.

இந்த நிகழ்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்த இடம் இதுதான். விலையைச் சரிசெய்தால் எல்லாம் சரி என்பவர்களிடம் இந்த ஏப்ரல் மாதத்துக்குப் பதில் இல்லை. ஒன்று, வங்கி 300 என்றால் வெளியே அதற்கும் மேலே போனது, ஏனென்றால் வெளியே வாங்குபவர்கள் அப்படியே இருந்தார்கள். இரண்டாவது, ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்துவதாக நாடே அறிவித்தது. அப்படியொரு நாட்டின் வங்கியில் டொலர் போடலாமா என்று கட்டாரில் ஒருவர் கேட்டால் அது முட்டாள்தனமான கேள்வி அல்ல. மூன்றாவது கோபம். காலிமுகத்திடல் போராட்டக் காலத்தில், இந்த ஆட்சி போகும்வரை டொலர் அனுப்பாதீர்கள் என்ற பேச்சு சமூக ஊடகங்களில் தாராளமாக ஓடியது.

ஏப்ரலில் நந்தலால் வீரசிங்க ஆளுநரானதும் வட்டி வீதம் ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது. மே மாதத்தில் திறந்த கணக்கு இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. என் பார்வையில் திருப்பம் இந்த மே மாதத்தில்தான். தம்பியை மிரட்டாமல், கொழும்பு வியாபாரியின் கையை மடக்கினார்கள். வாங்க ஆள் குறைந்ததும் 245உம் 400உம் கேட்டவர்களுக்கு வேலையில்லை. வங்கி விலையும் வெளி விலையும் மெல்ல நெருங்கின. டிசம்பரில் 476 மில்லியன், 2023 மார்ச்சில் 568 மில்லியன். 2023இல் மொத்தம் 5.97 பில்லியன், 2024இல் 6.58 பில்லியன்.

வங்கிவழி அனுப்பியவர்களுக்கு மின்சார வாகனம் இறக்குமதி செய்ய அனுமதிப்பத்திரம், விமான நிலையத்தில் கூடுதல் தீர்வையற்ற சலுகை என்றும் அமைச்சு அறிவித்தது. விளம்பரம் பெரிதாக இருந்தது. 1,500 ரியால் அனுப்புகிற தம்பிக்கு மின்சாரக் காரால் என்ன பயன் என்று யாரும் சொல்லவில்லை.

வரவு மீண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு: ஆட்களை அதிகமாக அனுப்பினோம். 2022 ஜூனில் வீட்டுப் பணிப்பெண்களின் குறைந்தபட்ச வயதை 21ஆக இறக்கினார்கள். அரச ஊழியர் ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று அதே மாதம் சுற்றறிக்கை வந்தது. மருத்துவர்களும் தாதியரும் பொறியியலாளரும் வரிசையில் நின்றார்கள். ஒரு மருத்துவரை உருவாக்க இலவசக் கல்வியில் அரசு போட்ட காசு பணவனுப்பல் புள்ளிவிவரத்தில் எங்கும் கழிக்கப்படுவதில்லை. டொலர் வரவை மட்டும் பார்த்து இதை வெற்றி என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

யாரும் இல்லாத வீடு

அக்காவின் பக்கத்து வீட்டில் வெளிநாட்டில் ஒருவரும் இல்லை. வன்னியில் இப்படியான வீடுகள் அதிகம். வெளிநாடு போவதற்கே முதலில் காணியோ நகையோ சொந்தக்காரரோ வேண்டும். அதனால் 1983க்குப் பிறகான புலப்பெயர்வில் யாழ்ப்பாணக் குடாநாடு முந்திக்கொண்டது. 2016ஆம் ஆண்டு அரச கணக்கெடுப்பில் யாழ்ப்பாண மாவட்டத்தின் வறுமை 7.7 சதவீதம், கிளிநொச்சியில் 18.2, முல்லைத்தீவில் 12.7. நாட்டுச் சராசரி 4.1. எல்லா வித்தியாசமும் வெளிநாட்டுக் காசால் வந்ததல்ல, போரின் கடைசிக் கட்டம் எங்கே நடந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் காசு உறவைத் தேடித்தான் போகும், வறுமையைத் தேடிப் போகாது.

ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் இந்த இடைவெளியை நிரப்பும் என்ற எதிர்பார்ப்பு ஓரளவுக்குத்தான் சரி. நெருக்கடி நாட்களில் ஆஸ்பத்திரிக்கு மருந்தும், பிள்ளைகளுக்குக் காலை உணவும் அவர்கள் செய்தார்கள். மறுக்க முடியாத உதவி. ஆனால் பழைய மாணவர் லண்டனில் இருக்கும் கல்லூரிக்கு மண்டபத்துக்கு மேல் மண்டபம் வரும். பழைய மாணவர் பக்கத்து வயலில் கூலி வேலை செய்யும் பாடசாலைக்குக் கழிவறைக் கதவுகூட வராது.

மெக்சிக்கோ இதற்கு ஒரு வழி பார்த்தது. அமெரிக்காவிலுள்ள ஊர்ச் சங்கம் ஒரு பங்கு போட்டால் நகராட்சியும் மாநிலமும் நடுவண் அரசும் ஆளுக்கு ஒரு பங்கு போடும். சக்காத்தேக்காஸ் மாநிலத்தில் வேரூன்றி, 2002இல் நாடு முழுதும் பரவிய திட்டம். வீதியும் குடிநீரும் வந்தன. ஆனால் சங்கம் இல்லாத ஊருக்கு அரசின் மூன்று பங்கும் சேர்த்தே இல்லாமற்போனது என்ற விமர்சனம் கடைசிவரை தீரவில்லை. நம் மாகாண சபைகள் இப்படியொன்றைத் தொடங்கினால் முல்லைத்தீவுக்கு ஒரு தனி ஏற்பாடு முதல் நாளே வேண்டும்.

அக்காவின் புத்தகம், இப்போது

2023 நடுவிலிருந்து பழைய வரி திரும்பி வந்திருக்கிறது. தம்பி இப்போது தொலைபேசிச் செயலியில் அனுப்புகிறான், சில நிமிடத்தில் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. "வித்தியாசம் ரெண்டு மூண்டு ரூபாதான் அக்கா, அதுக்கேன் மினக்கெடுவான்" என்றானாம்.

ஆனால் 2024 ஓகஸ்ட் பக்கத்தில் மறுபடியும் ஒரு வைப்பு இயந்திர வரி. 60,000 ரூபா. அது யாருடைய காசு என்று கேட்டேன். பாரிசில் இருக்கும் சித்தப்பா கோயில் திருவிழா உபயத்துக்கு அனுப்பியதாம். அவர் 1990களிலிருந்து ஒரே கடைக்காரரிடம்தான் கொடுக்கிறாராம். டொலர் 200க்கு விற்றபோதும் 360க்கு விற்றபோதும் அவர் வீதம் கேட்டதே இல்லையாம்.